இடது புருவம்

எனக்குப் பத்தொன்பது வயதில் இடது புருவம் போய்விட்டது. ஷெல் பட்டுப் போயிருந்தாலாவது சனம் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்திருக்கும். போனது புழுவெட்டால். ஒரு மாதத்துக்குள் மயிரெல்லாம் உதிர்ந்து, கண்ணுக்கு மேலே வெறும் தோல் மினுங்கியது. சின்ன வெங்காயம் தேய்த்துப் பார்த்தோம். எரிந்ததே தவிர ஒன்றும் முளைக்கவில்லை.

அப்போது நாங்கள் சண்டையால் இடம்பெயர்ந்து வந்து, விசுவமடுவில் பெரியம்மாவின் வளவில் கொட்டில் போட்டிருந்தோம். பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நான் தொண்டர் ஆசிரியையாகப் படிப்பிக்கப் போனேன். முதல் நாள் வகுப்பு முழுவதும் கணக்கை விட்டுவிட்டு என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தது. இதை இப்படியே விடுவதில்லை என்று அன்று பின்னேரமே முடிவெடுத்தேன்.

புருவப் பென்சில் கடையில் கிடைக்கிற காலமல்ல அது. சவர்க்காரத்துக்கே தட்டுப்பாடு. அதனால் தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, அம்மியில் மாப்போல அரைத்து, துணியில் அரித்து, பழைய தைலச் சிமிழ் ஒன்றில் அடைத்து வைத்தேன். தென்னோலை ஈர்க்கின் நுனியைப் பல்லால் கடித்து நார் நாராக்கினால் தூரிகை தயார். நுனியில் எண்ணெய் தொட்டு, கரியில் ஒற்றிக் கீற வேண்டும். முதல் வாரம் ஒரே கோடாக இழுத்தேன். கொப்பியில் தலைப்புக்குக் கீழே அடிக்கோடு போட்ட மாதிரி இருந்தது. பிறகு கை பழகிவிட்டது. மூக்குப் பக்கம் தொடங்கக் கூடாது. நடுவில் தொடங்கி, வால் பக்கம் மெலிய விட்டு, தூரிகையில் மிஞ்சிய கரியால்தான் மூக்குப் பக்கத்தைத் தொட வேண்டும். ஒவ்வொரு மயிராகச் சரித்துச் சரித்துக் கீற வேண்டும். மேலே கொஞ்சம் பவுடரை ஒற்றிவிட்டால் பள்ளிக்கூடம் விடும்வரை நிற்கும்.

பெரியம்மாவுக்கு முதலில் அம்மி கறுத்துப்போனதில் கோபம். பிறகு என்னிலேயே கோபம்.

“சனம் பங்கர் வெட்டிக்கொண்டு திரியுது, இவளுக்குப் புருவம் கேக்குது” என்று வேலிக்கு அப்பால் கேட்கும்படியே சொல்லுவார்.

“ஓம் பெரியம்மா, கேக்குதுதான். செத்தாலும் ரெண்டு புருவத்தோடதான் சாவன்.”

“உனக்கு விசர்.”

சொல்லிவிட்டு எனக்கு எதிரே இருந்து அரிசி புடைத்துக்கொண்டு, நான் கீறி முடிக்கும்வரை முறைத்துப் பார்ப்பார். இரண்டு வருடம் இப்படித்தான் போனது.

அதற்குப் பிறகு ஆசிரியர் நியமனத்துக்கு வவுனியாவில் நேர்முகப் பரீட்சை என்று கடிதம் வந்தது. தவறவிட்டால் திரும்பக் கூப்பிடுவார்களா என்பது ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் சம்பளம் என்று ஒன்று வந்து கனகாலம். பெரியம்மாதான் துணைக்கு வந்தார். புளியங்குளத்தில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கி, விடியப் புறப்பட்டு, இரண்டு தரப்புக்கும் நடுவில் கிடந்த சூனியப் பிரதேசத்தை நடந்து கடந்து, இராணுவத்தின் சோதனைச் சாவடி வரிசையில் நின்றோம். தலைக்கு மேலே வெயில் கொளுத்தியது. வியர்வையை லேஞ்சியால் துடைத்தேன். லேஞ்சியில் கறுப்பைக் கண்ட பிறகுதான் என்ன செய்தேன் என்பது உறைத்தது.

அடையாள அட்டைக்குப் படம் எடுத்த அன்று நான் கீறின புருவத்தையும் சேர்த்து இரண்டு புருவத்தோடு போய் இருந்துவிட்டேன். படம் வடிவாகவும் விழுந்திருந்தது. முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஆட்களை விடுகிற பாதையில் அது எவ்வளவு பெரிய பிழை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

மேசையில் இருந்த அதிகாரி அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“போட்டோ ரெண்டு. இங்க ஒண்ணு. நீ யாரு?”

சீருடை போட்ட பெண்ணொருத்தி வந்து, மற்றப் புருவமும் பொய்யோ என்று ஈரத்துணியால் தேய்த்தாள். அது என் சொந்தப் புருவம். தோல் சிவந்ததுதான் மிச்சம். அடுத்ததாக என் பையைக் கிளறிச் சிமிழைத் திறந்தாள். உள்ளே கறுப்புத் தூள். எனக்குப் பின்னால் நின்ற சனம் இரண்டடி விலகியது. அதிகாரி கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

“அழு பிள்ளை” என்று பெரியம்மா வரிசையை மறித்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கெஞ்சினார். “புழுவெட்டு வருத்தம் எண்டு சொல்லு. கும்பிட்டுக் கேள்.”

எனக்கு அழுகை வரவில்லை. பத்திக்கொண்டு வந்தது. என் முகம், என் கரி, என் ஈர்க்கு. இதற்கு நான் ஏன் கும்பிட வேண்டும்?

“அந்தச் சிமிழையும் ஈர்க்கையும் தாங்கோ. கீறிக் காட்டுறன்” என்றேன்.

எண்ணெய் இல்லை. தலைமயிரில் பூசியிருந்த எண்ணெயை விரலால் வழித்து ஈர்க்கில் தடவினேன். கண்ணாடியும் இல்லை. அத்தனை சனமும் பார்த்துக்கொண்டிருக்க, நடு வெயிலில் நின்று, ஒவ்வொரு மயிராகக் கீறினேன். அவசரப்படவில்லை. பள்ளிக்கூடம் போகிற நாளில் எவ்வளவு நேரம் எடுப்பேனோ அவ்வளவு நேரமும் எடுத்தேன்.

அதிகாரி அட்டையை என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“சரி இல்ல. வேற மாதிரி.”

அந்த நேரம் பெரியம்மா கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே வந்துவிட்டார். யாரோ அதட்டினார்கள். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. என் நாடியைப் பிடித்து நிமிர்த்தினார்.

“ஆடாதை, நில்லு. வால் கீழ விழுந்திட்டுது.”

பெருவிரலை நாக்கில் தொட்டு வாலைத் துடைத்தார். என் கையிலிருந்த ஈர்க்கைப் பறித்து நடுவிலிருந்து தொடங்கினார். வாலை மெலிய விட்டார். மிஞ்சிய கரியால் மூக்குப் பக்கத்தைத் தொட்டார். கடைசியில் சேலைத் தலைப்பால் ஒற்றினார். ஒரு இடத்திலும் பிழை விடவில்லை.

அதிகாரி மறுபடியும் படத்தைப் பார்த்தார். இந்த முறை கனநேரம் பார்க்கவில்லை. அட்டையை என்னிடம் நீட்டிவிட்டு, சிமிழை மேசையின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

நான் வாய் திறக்குமுன் பெரியம்மா கையை நீட்டினார்.

“அதையும் தாங்கோ. திரும்பி வரேக்கையும் இந்த முகத்தைத்தானே கேப்பியள்?”

கொடுத்தார்கள். பெரியம்மா அதை வாங்கி மூடியை இறுக்கித் தன் மடியில் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.