வெற்றிலைக் கவுளியில் எழுந்த பீக்

திரையில் ஓடிய கோட்டில் 1380-க்குப் பக்கத்தில் கூரான முகடாக பீக் எழுந்ததும் வெற்றிலை வியாபாரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பேட்டையில் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் நடந்தது இது.

"மருந்து இருக்கா, மேடம்?"

"தைராம் மாதிரி தெரியுது," என்றேன். அது பூஞ்சைக் கொல்லி.

ஏரல் பக்கத்துக் கொடிக்காலில் பறித்து, ஒரு கவுளியாக, அதாவது கட்டாக, வந்த வெற்றிலை. வெளியூர் போகும் சரக்கு. மருந்து இருந்தால் கொடிக்கால்காரர் செல்லையாவிடம் இனி இலை எடுப்பதில்லை என்று வியாபாரி முன்பே சொல்லியிருந்தார். செல்லையாவும் பஸ் பிடித்து வந்து சுவரோரம் நின்றிருந்தார்.

"வே செல்லையா, மெஷினு பொய்யா சொல்லுது?"

"அந்த மருந்த நான் வாங்குனதே இல்ல அண்ணாச்சி. எந்தக் கடையில வாங்குனேன்னு மெஷினையே சொல்லச் சொல்லுங்க."

வியாபாரி சிரித்தார். எனக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டது.

லேசர் ஒளி ஒரு மூலக்கூறில் பட்டுச் சிதறும்போது மிகச் சிறு பங்கு நிறம் மாறித் திரும்பும். அந்த மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறு. அதை அளந்து வரையும் கோடுதான் ராமன் நிறமாலை; அதில் 1380 தைராம் எழும் இடம். துளி மருந்தைக் காட்ட இந்த ஒளி போதாது. அதனால் இலையைத் துடைத்தெடுத்ததை நுண்ணிய வெள்ளித் துகள்களோடு கலக்கிறோம். துகளின் பரப்பில் ஒட்டிய மூலக்கூறின் ஒளி பல மடங்கு கூடும். கந்தகம் வெள்ளியில் நன்றாக ஒட்டும். கொலுசு கறுப்பதும் அதனால்தான். தைராமில் கந்தகம் உண்டு.

எங்கள் பொருளிலிருந்தே வந்திருக்குமோ என்று வெள்ளித் துகள் கரைசலைத் தனியாக அளந்தேன். பிறகு பஞ்சு, என் கையுறை. எதிலும் பீக் இல்லை. அதே இலையின் நுனியைத் துடைத்தேன், இல்லை. காம்போரம் துடைத்தேன், எழுந்தது. கட்டின் உள்ளிருந்த இலைகளில் எங்குமே இல்லை. தெளித்த மருந்து இப்படி இடம் பார்த்து விழாது.

கவுளியைத் திருப்பினேன். காம்புகளைச் சுற்றி ரப்பர் பேண்டு.

"இத யாரு கெட்டுனது? நாங்க வாழைநாருலல்லா கெட்டுவோம்," என்றார் செல்லையா.

"சாம்பிளுக்குன்னு பிரிச்சி நாந்தான் வே கெட்டுனேன்," என்றார் வியாபாரி, பைய.

ரப்பரைப் பதப்படுத்தச் சேர்ப்பவற்றில் தைராமும் உண்டு. பேண்டை ஈரப்பஞ்சால் துடைத்து அளந்தேன். அதே இடம், இன்னும் உயரமான பீக்.

ஆனாலும் அந்தச் சாம்பிளை வைத்து மருந்து இல்லை என்று எழுத முடியாது. மறுநாள் வியாபாரி கண்முன்னே பறித்து, நாரில் கட்டிய புதுக் கவுளியோடு இருவரும் வந்தார்கள். செல்லையா திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 1380-ல் கோடு தட்டையாகக் கிடந்தது.

"சரி வே, லோடு ஏத்திருவோம்."

"ரப்பர் பேண்டக் கரைச்சி கொடிக்காலுக்கு அடிக்கலாம் போல அண்ணாச்சி. மருந்துச் செலவு மிச்சம்."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: என்ன இருக்கிறது என்பதை பீக் காட்டும், எப்படி வந்தது என்பதைக் காட்டாது. ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் முன் செல்லையாவின் கேள்வியை ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்: எந்தக் கடை?