சிவப்பு மையில் எழுதிய நாட்கள்

ருக்கையா அமெரிக்காவில் கால் வைத்தவள் இல்லை. ஆனாலும் இண்டியானாபோலிஸ் விமான நிலையத்தில் இறங்கினால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த ஓட்டலில் குளியலறை வழுக்கும், விளையாட்டு மண்டபத்தில் எங்கே கால் நீட்டி உட்காரலாம் என்று துபாயில் தன் தேரா வீட்டில் இருந்தபடியே சொல்வாள். ஒவ்வோர் ஆகஸ்டிலும் பலகை விளையாட்டுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கூடும் ஊர் அது.

அவள் கீழக்கரைக்காரி. பதினெட்டு வருடமாக ஒரு கிளினிக்கில் நர்ஸ் உதவியாளர். படுத்த படுக்கையாகிவிட்டவர்களைப் புரட்டித் துடைத்து, மருந்து கொடுத்து, சாப்பிட வைப்பது வேலை. கணவர் செய்கு அலாவுதீனுக்கு மசாலாக் கடை. துபாயைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடம் பழைய தட்டுகள் வாங்கியபோது, பெட்டியின் அடியில் ஒரு விளையாட்டும் கிடந்தது. கப்பல் விட்டுத் துறைமுகம் பிடிக்கும் விளையாட்டு. ஒரு வெள்ளிக்கிழமை சும்மா பிரித்துப் பார்த்தாள். அதோடு வெள்ளிக்கிழமைச் சமையல் பாதியாகக் குறைந்தது.

அல் குசைஸில் வைரவன் வீட்டு ஹாலில் எட்டுப் பேர் கூடி ஆடுவார்கள். வைரவன் கிடங்கு சூப்பர்வைசர். அந்த எட்டுப் பேர் சங்கத்துக்குத் தலைவர் மாதிரி. இரண்டாயிரத்து ஐந்தில் ஒருவரை இண்டியானாபோலிஸில் நடக்கும் கப்பல் விளையாட்டுப் போட்டிக்கு அனுப்புவது என்று முடிவானது. அதற்கு முன்பே மூன்று வருடம் ருக்கையா ஒரு நோட்டில் வழிகாட்டி எழுதி வைத்திருந்தாள். டூட்டி முடிந்ததும் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து, போய்வந்தவர்கள் எழுதியதையெல்லாம் படித்துத் திரட்டியது. பஸ் நேரம் மட்டும் இரண்டு மையில்: வேலை நாட்களுக்கு நீலம், விடுமுறை நாட்களுக்குச் சிவப்பு. எந்த நிறம் எந்தக் கிழமை என்று அட்டையின் உள்பக்கம் எழுதியிருந்தாள்.

அந்த நோட்டை, கூட ஆடுகிற சிவசங்கரன் ஒரு வாரத்துக்கு என்று வாங்கிப் போனான். அச்சகத்தில் வேலை. மூன்று மாதம் கழித்து வந்தது நோட்டு அல்ல, பளபளவென்று ஒரு புத்தகம். மேலே 'சிவசங்கரன்' என்று கொட்டை எழுத்து.

"இது என் நோட்டுதானே!" என்றாள் ருக்கையா, எல்லோர் முன்னாலும்.

"அக்கா கொஞ்சம் குறிப்பு குடுத்தாங்க, இல்லேங்கல," என்று சிரித்தான் அவன். "உடம்பைப் பத்தி எழுதினதெல்லாம் எடுத்துட்டேன். கொப்புளத்துக்கு மருந்து, ராத்திரி அவசரத்துக்கு டாக்ஸி நம்பர்... ஆஸ்பத்திரி நோட்டீஸ் மாதிரி இருந்துச்சு."

"என் நோட்டு எங்க தம்பி?"

"அச்சகத்துல எங்கயோ கெடக்கும்க்கா."

வைரவன் சமாதானம் பேசினார். "விடுங்க ருக்கையா. புக்கு போட்டவன் போகட்டும், ஊரு வழியெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். உங்களுக்கு அடுத்த வருசம்."

வேலைக்காரர்களின் பாஸ்போர்ட் கிளினிக்கின் கையில்தான் இருக்கும்; தன்னுடையதை விசாவுக்காகக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தாள். மறுநாளே திருப்பிக் கொடுத்தாள். மேனேஜர் காரணம் கேட்டார். "கலாஸ்," என்றாள். அழவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க வீட்டில் வெங்காயம் மிகப் பொடியாக நறுக்கப்பட்டது.

சிவசங்கரனுக்கு விசா வந்தது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு தேராவுக்கு வந்தான். எல்லாம் முடிந்துவிட்டது, இனி என்ன என்ற தைரியத்தில் நோட்டையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். கூடவே தன் புத்தகம்.

"அக்கா, ஒரு தடவை பார்த்து, தப்பு இருந்தா சொல்லுங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தாள். பஸ் பக்கத்தில் விரல் நின்றது. சிவப்பு அட்டவணைக்கு மேலே 'வெள்ளிக்கிழமை' என்று அச்சடித்திருந்தான். சனியும் ஞாயிறும் நீலத்தோடு போயிருந்தன. அவன் அட்டையைப் புரட்டவே இல்லை. துபாய்க் காலண்டரில் சிவப்பு என்றால் வெள்ளி. உலகம் முழுக்க அப்படித்தான் என்று இருந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் ஓட்டல் வாசலுக்கு முதல் பஸ் ஒன்பதரைக்கு. இவன் புத்தகத்தில் ஆறு நாற்பது. இறுதி ஆட்டம் ஞாயிறு காலை எட்டு மணிக்கு.

விரல் நகர்ந்தது. பக்கம் திரும்பியது.

"என்னக்கா?"

"அச்சு நல்லா இருக்கு தம்பி."

அவன் செருப்பை மாட்டும்போது கூப்பிட்டாள். "உன் சுகர் மாத்திரை கைப்பையில இருக்கணும், பெட்டியில போடாதே. பிஸ்கட் பாக்கெட் ஒண்ணு எப்பவும் சட்டைப்பையில. ஆட்ட மும்முரத்துல சாப்பிடாம விழுந்து கெடக்காதே."

அதைச் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. அவன் மயங்கி விழ வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை; தோற்க வேண்டும், அவ்வளவுதான்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். அலாவுதீன் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன புள்ள, தனியா சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல மச்சான். சோறு போடவா?"

சிவசங்கரன் நன்றாகத்தான் ஆடினான். வெள்ளியன்று எந்த நேரத்துக்குப் போனாலும் பஸ் இருந்ததால் தப்புத் தெரியவில்லை. சனிக்கிழமை கூட்டத்தோடு யாரோ காரில் ஏற்றிக்கொண்டார்கள். இறுதிக்கு வந்துவிட்டான். வைரவனுக்குப் போன் போட்டுக் கத்தினான். ஞாயிறு காலை ஆறரைக்கே நிறுத்தத்தில் போய் நின்றான், கையில் சொந்தப் புத்தகத்தோடு. ஏழரை வரை நின்றான். டாக்ஸி நம்பருக்காகப் புத்தகத்தைப் புரட்டினான். அவனே எடுத்தெறிந்த பக்கத்தில் இருந்தது அது. ஓட்டல்காரன் எழுந்து வந்து டாக்ஸி கூப்பிட்டு, மண்டபம் போய்ச் சேர்ந்தபோது எட்டே முக்கால். அவன் நாற்காலியில் வேறு ஒருவன் உட்கார்ந்து இரண்டு துறைமுகம் பிடித்திருந்தான்.

அடுத்த வெள்ளி வைரவன் வீட்டில் சிவசங்கரன் பொரிந்து தள்ளினான். "பஸ்ஸே வரலண்ணே! அந்த ஊரே சரியில்ல!"

ருக்கையா பையிலிருந்து நோட்டை எடுத்தாள். அட்டையைப் புரட்டி நடு மேசையில், கப்பல்களுக்கு மேலேயே வைத்தாள். உள்பக்கத்தில் அவள் கையெழுத்து: சிவப்பு, சனி ஞாயிறு. நீலம், மற்ற ஐந்து நாள்.

வைரவன் நோட்டையும் பார்த்தார், புத்தகத்தையும் பார்த்தார். கிழமையைத் தவிர வரிக்கு வரி ஒன்றேதான்.

சிவசங்கரன் அட்டையை இரண்டு தடவை படித்தான். "அக்கா... அன்னைக்கு பார்த்தீங்களே. தெரிஞ்சே விட்டீங்களா?"

"நான் குறிப்பு குடுத்தவதானே தம்பி. எழுதினவருக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?"

யாரோ சிரித்தார்கள். யாரும் அடக்கவில்லை. வைரவன் தொண்டையைச் செருமினார். "அடுத்த ஆகஸ்ட் ருக்கையா போறாங்க. டேய் சங்கரா, புக்கை மறுபடி நீயே அடிக்கிற. அவங்க பேருல. உடம்பு அத்தியாயத்தோட."

அவன் அடித்தான். ஐம்பது பிரதி. டூட்டிக்குப் பிறகு தானே மடித்துத் தானே தைத்து, தேராவுக்குச் சுமந்துகொண்டு வந்தான். இதற்கு முன் அவன் காட்டிய மாதிரிப் பிரதியிலேயே, இருபத்திரண்டாம் பக்கத்தில் டாக்ஸி நம்பரில் ஒரு இலக்கம் விட்டுப்போனதை ருக்கையா பார்த்திருந்தாள். கடைசிப் பிரதியும் தைத்து முடியும்வரை பொறுத்திருந்தாள். இப்போது கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்தை விரித்து அவனிடம் நீட்டினாள்.

"அம்பதையும் பிரிச்சிரு தம்பி. முதல்ல உட்காரு, ரெண்டு பிஸ்கட் தின்னுட்டுப் போ."