கறை நீக்கும் பொத்தானும் வினோவின் கன்னமும்

இன்று பின்னேரம் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு படத்தைக் கொடுத்துவிட்டு அப்படியே விறைத்துப்போய் நின்றேன்!

எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன கிழமை இங்கேதான் கேட்டிருந்தேன், போட்டோ திருத்தப் பழகுகிறவளுக்கு எந்த சொப்ட்வெயார் நல்லது என்று. ஆளுக்கொரு பெயர் சொன்னீர்கள். (ஒருவர் "முதல்ல நல்ல கொம்பியூட்டர் வாங்குங்க" என்றார். அவருக்கு என் ஸலாம்!)

எதற்கென்று அப்போது சொல்லவில்லை.

யோகம் அக்கா காரைதீவுக்காரர். என் கல்யாண உடுப்பைத் தைத்தவர். சுனாமி அவருடைய வீட்டையும் கொண்டுபோனது, மூன்று வயது மகள் வினோவையும் கொண்டுபோனது. பிறகு திருக்கோவிலில் தம்பியோடு தங்கிவிட்டார். சண்டை முடிந்து, செக்பொயின்டில் இறங்கி ஏறாமல் பஸ்ஸில் வரலாம் என்றான பிறகு, போன மாதம்தான் கல்முனை பஸாரில் கண்டேன்.

கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற 'கா' போட்டு, முதலில் கேட்டதே இதுதான்.

"நசீமா, உன்ட கலியாணப் படத்தில என்ட புள்ள இருப்பாளாகா? என்னட்ட அவள்ற ஒரு படமும் இல்ல."

இருந்தாள்! பெண்கள் பக்கத்தில் எடுத்த படம். மணப்பெண்ணான என் மடியில் வினோ. ஆனால் அந்த அல்பமும் கடல் தண்ணீரில் ஊறித்தான் தப்பியது. படம் முழுக்கச் சேற்றுப் புள்ளி.

"ஸ்டூடியோவுக்குக் குடுத்தா ஒரு மணித்தியால வேல" என்றார் கணவர்.

"முக்காடு இல்லாம நான் இரிக்கிற படத்தையா? என்ன கதை கதைக்கிறீங்க!"

வாயை மூடிக்கொண்டார். (அபூர்வம்!) பெண்கள் பக்கத்துப் படம் எங்கள் வீட்டில் அலுமாரியை விட்டு வெளியே போகாது. (பிலிம் கழுவியதுகூட கொழும்பில். அங்கே என்னை யாருக்குத் தெரியும்!) ஆகவே நானே பழக வேண்டும். தங்கச்சியின் ஸ்கேனரை இரவல் வாங்கினேன்.

முதலாவது, எல்லோரும் சொன்ன அந்தப் பெரிய சொப்ட்வெயார். திறப்பதற்குள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தும் முடித்துவிட்டேன். லேயராம், மாஸ்க்காம். ஒரு மணித்தியாலம் கஷ்டப்பட்டு என் மூக்கை மட்டும் பச்சை நிறமாக்கினேன்!

இரண்டாவது, இலவசமானது. மூன்று ஜன்னலாகத் திறந்தது. ஒன்றைத் தொட்டால் மற்றது ஓடி ஒளிகிறது.

மூன்றாவதுதான் எனக்கென்றே செய்ததுபோல இருந்தது. சின்னது, பொத்தானும் கொஞ்சம்தான். அதில் ஒன்று கறை நீக்குவது. புள்ளியில் ஒரு தட்டுத் தட்டினால் புள்ளி போய்விடும்.

மாஷா அல்லாஹ், இதைவிட வேறென்ன வேண்டும்!

இரண்டு நாள் இருந்து தட்டினேன். சட்டையில் சேறு, தலைமுடியில் சேறு, கன்னத்தில் சேறு, எல்லாம் போனது. நெற்றியில் இருந்த சிவப்புப் பொட்டைத் தொடவேயில்லை. அது பொட்டு என்று எனக்குத் தெரியாதா? காரைதீவுப் பிள்ளைகளோடு படித்தவள் நான்! அதை நினைத்து எனக்குள் பெருமை வேறு.

பிறகு என்னை வெட்டி எடுத்தேன். வினோவின் இடுப்பைச் சுற்றி மருதோண்டி போட்ட என் கை மட்டும் மிஞ்சியது. என் தலை இல்லாதபடியால் தைரியமாகக் கடையில் பிரிண்ட் எடுத்தேன்.

இன்று யோகம் அக்கா வந்தார். படத்தை வாங்கினார். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். அழுவார் என்று பார்த்திருந்தேன். அழவில்லை.

"கன்னத்துப் பொட்டு எங்ககா?"

"எது அக்கா?"

"இந்தா, இந்த இடத்தில. கண்ணூறு நாவூறு படாம இரிக்க வச்ச மை. உன்ட கலியாணத்துக்கு வெளிக்கிடக்குள்ள நான்தான் தொட்டு வச்சன்."

அல்லாஹ்வே! எங்கள் வீட்டில் நாவூறுக்கு ஓதி ஊதுவதுதான் வழக்கம். மை வைப்பதில்லை. சேற்றோடு சேறாக அதையும் தட்டியது நான்தான். ஸ்கேன் பண்ணியதற்கு மேலேயே சேமித்தும் விட்டேன்!

"அக்கா, சேறெண்டு நினைச்சிட்டன். மன்னிச்சிருங்க அக்கா."

அவர் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்டைக்கும் வைப்பன்கா. கடல் வந்த அண்டைக்கு மட்டும் வைக்கல்ல. ஞாயித்துக்கிழமதானே, வீட்டுக்குள்ளதானே நிக்கிறாள் எண்டு விட்டுட்டன்."

உள்ளே ஓடிப்போய் அல்பத்தைக் கொண்டுவந்தேன். அந்தச் சேற்றுப் படத்தில், இத்தனை புள்ளிகளுக்கு நடுவில், அவர் விரல் நேரே ஒரு புள்ளிக்குப் போனது.

"இதைத் தாகா."

"அது முழுக்கக் கறை அக்கா. திரும்பவும் ஸ்கேன் பண்ணி வடிவாச் செஞ்சு தாறன்."

"வேணாம். கறையோடயே தா. இதிலதான் நான் வச்ச பொட்டு இரிக்கி."

விறாந்தை மூலையில் இருந்த கணவர் முகத்தைப் பார்த்தேன். அவர் எழும்பி உள்ளே போய்விட்டார். அல்பத்திலிருந்து பிய்த்துக் கொடுத்தேன்.

ஸ்டூடியோவுக்குக்கூடக் கொடுக்காத படம், முக்காடு இல்லாத நானும் மடியில் வினோவுமாக, இப்போது திருக்கோவில் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறது.

துப்புரவான படத்தை அக்கா கொண்டுபோகவில்லை. அது என் மேசையில் கிடக்கிறது. கொம்பியூட்டரைப் போட்டு எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்துவிட்டேன்.

போன கிழமை நிறையப் பெயர் சொன்னீர்களே, அழித்ததைத் திரும்ப வைக்கிற சொப்ட்வெயார் ஏதும் உங்களுக்குத் தெரியுமா?