இரண்டாம் மெஷினை எழுப்பிய காந்தா

பழவேற்காடு இறால் கம்பெனி ஆபீசுக்கு எண்பத்தெட்டில் வந்திறங்கிய மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் சொந்தப் புத்தி கிடையாது. உள்ளே டிஸ்க் என்று எதுவுமே இல்லை. காலையில் சுவிட்சைப் போட்டால், கறுப்பு ஒயர் வழியாக மூலை அறையிலிருந்த சர்வரைக் கூப்பிடும். சர்வர் தன் பட்டியலைப் பார்த்து, நம்ம ஆள்தான் என்று தெரிந்தால், ஆபரேட்டிங் சிஸ்டம் முழுவதையும் ஒயரிலேயே அனுப்பிவைக்கும். அது வந்து சேர்ந்த பிறகுதான் திரையில் எழுத்து வரும். யார் கையும் படாமல் நடக்கிற இந்தக் காரியத்தைப் பார்க்க, முதல் வாரம் ஐஸ் உடைக்கிறவர்கள்கூட ஜன்னலோரம் வந்து நின்றார்கள். அந்த நாட்களை நினைத்தால் காந்தாவுக்கு இப்போதும் இறால் வாடையோடுதான் நினைவு வருகிறது. அந்த வாடைக்காக ஏங்குகிறவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அந்த மூன்றையும் தினம் எழுப்புவது அவள் வேலை. கோட்டைக்குப்பம் வடிவேலுவின் ஒரே மகள். பொன்னேரியில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, எழுபத்தொன்பதில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். அம்மா இறந்து நாலு வருடம். நைனாவுக்குப் பார்வை மங்கி, ஏரிக்கு மீன் பிடிக்கப் போவது நின்றுவிட்டது. மத்தியானம் ஓட்டமும் நடையுமாகப் போய் அவருக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்புவாள். ஆபீசிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், மாப்பிள்ளை வீடும் இந்தப் பத்து நிமிஷத்துக்குள் இருந்தால் சொல்லுங்கள் என்பாள். ஒருவரும் அப்படி அமையவில்லை. அவளும் அலட்டிக்கொள்ளவில்லை.

உப்புக் காற்று எதைத்தான் விட்டுவைத்தது? மறு வருடம் ஆடியில், இரண்டாவது மெஷினுக்குள் இருந்து சர்வரைக் கூப்பிடுகிற நெட்வொர்க் கார்டு துருப்பிடித்துச் செத்துப்போனது. சென்னையிலிருந்து எஞ்சினியர் கண்ணப்பன் புதுக் கார்டைப் பார்சலில் அனுப்பி, மாட்டும் விதத்தை டிரங்க் காலில் சொன்னார். காந்தா மாட்டி, சுவிட்சைப் போட்டாள். மெஷின் கூப்பிட்டது, கூப்பிட்டது, கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. சர்வர் வாயைத் திறக்கவில்லை.

கார்டைக் கழற்றி மறுபடி மாட்டினாள். ஒயர் முனைகளை ஸ்பிரிட்டால் துடைத்தாள். முதல் மெஷினின் கார்டை எடுத்து இரண்டாவதில் போட்டால், இரண்டாவது ஜம்மென்று எழுந்தது. புதுக் கார்டை முதல் மெஷினில் போட்டால், நன்றாக இருந்த முதல் மெஷினும் ஊமையானது. ஆக, கார்டில்தான் கோளாறு என்று போனில் சொன்னாள். சோதித்துத்தான் அனுப்பினேன், உங்கள் கை பட்டுத்தான் கெட்டிருக்கும் என்று கண்ணப்பன் எரிந்து விழுந்தார். அந்த ஊரில் மெஷின் தாங்காது, எல்லாவற்றையும் சென்னைக்கே கொண்டுவந்துவிடலாம் என்று மேலிடத்திலும் சொல்லிவிட்டார்.

மேனேஜர் அப்துல் ரவூப் நல்ல மனிதர், அதனால் மறைக்காமல் சொன்னார்.

"காந்தாம்மா, வியாயக்கெழம வண்டி வருதுன்றாங்க. அதுக்குள்ள ஏந்துக்கலன்னா மூணையும் ஏத்திக்கினு பூடுவாங்க. அப்பால இந்த ஆபீசே இங்க இருக்காது."

ஆபீஸ் சென்னைக்குப் போனால் நைனாவை என்ன செய்வது? மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை, புதுக் கார்டை இரண்டாவது மெஷினிலேயே ஓடவிட்டு, சர்வர் முன்னால் போய் உட்கார்ந்தாள். யார் யார் கூப்பிட்டார்கள் என்று அதன் திரையில் வரிவரியாக ஓடும். காலையிலிருந்து ஒரே ஒரு நீள நம்பர் திரும்பத் திரும்ப வந்திருந்தது. பட்டியலில் அப்படி ஒரு நம்பர் இல்லை. ஏதோ தோன்றி, கார்டு வந்த அட்டைப்பெட்டியைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அதே நம்பர் அதன்மேல் அச்சடித்திருந்தது.

கார்டு கெடவில்லை. தன் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது. பட்டியலில் செத்துப்போன கார்டின் நம்பர்தான் இன்னும் இருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டாள்.

மெஷின்களின் நம்பரைப் பட்டியலில் எழுதியிருக்கிறேன் என்று கண்ணப்பன் முதல் நாளே சொல்லியிருந்தார். அதை அவள் மீன்காரர் வீட்டுக் காதால் கேட்டிருந்தாள். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்பது முறைவைத்து வரும். அதற்குப் பாடு என்று பெயர். பாடு ஆளின் பேரில் இருக்கும். படகு ஓட்டையாகி இரவல் படகில் போனாலும் முறை அவனுடையதுதான், ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அப்படித்தான் இதுவும், இரண்டாவது மெஷின் பட்டியலில் இருக்கிறவரை உள்ளே எந்தக் கார்டு இருந்தால் என்ன என்று நினைத்துவிட்டாள். சர்வருக்கோ ஆளைத் தெரியாது, படகைத்தான் தெரியும்.

பட்டியலில் பழைய நம்பரை அழித்துவிட்டு, புது நம்பரின் பன்னிரண்டு எழுத்தையும் மூன்று தரம் சரிபார்த்து அடித்தாள். சுவிட்சைப் போட்டாள். மெஷின் ஒரு தரம் கூப்பிட்டது, சர்வர் பதில் கொடுத்தது. திரையில் எழுத்து வந்ததும் காந்தா உட்கார்ந்து நன்றாக அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு நைனாவுக்குச் சோறு போடப் போனாள்.

மறுநாள் கண்ணப்பன் வண்டியோடு வந்தார். மூன்று மெஷினும் ஓடுவதைப் பார்த்துவிட்டு, பட்டியலில் கைவைத்தது யார் என்று கேட்டார்.

"நான்தான் சார். கார்டு மாத்துனா நம்பரையும் மாத்தணும்னு எனுக்குத் தோணல. எங்க ஏரில படவு மாறினா பாடு மாறாது. இங்க படவுதான் கணக்குனு நேத்துதான் புரிஞ்சுது."

அவர் திட்டவில்லை. நம்பரை மாற்றச் சொல்லாதது தன் தவறு என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். வெறும் வண்டியோடு திரும்பிப் போனார். மனிதர் இத்தோடு சும்மா இருந்திருக்கலாம். மேலிடத்தில் காந்தாவைப் புகழ்ந்து சொல்லிவிட்டார்.

பதினைந்து நாளில் கடிதம் வந்தது. சென்னைத் தலைமை ஆபீசில் இதேபோல முப்பது மெஷின் வைக்கப்போகிறார்களாம். எழுப்பத் தெரிந்த ஆள் வேண்டுமாம். ஒன்றாம் தேதி காந்தா அங்கே இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. ரவூப் பாய் இரண்டு தரம் எழுதிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கூட வந்துவிடு என்று அவள் கெஞ்சியதற்கு நைனா தலையை ஆட்டவே இல்லை.

"நான் இங்கன்னா தடவிக்கினாவது நடந்துடுவேன். அங்க வந்து இன்னாம்மா பண்ணுவேன்?"

பக்கத்து வீட்டுக் குப்பம்மா சோறு போடுவதாக ஏற்பாடு ஆயிற்று. மூன்று மெஷின்களும் பழவேற்காட்டிலேயே இருந்தன. போனவள் காந்தாதான். வழியனுப்ப வந்த நைனா, பஸ் கிளம்பி வளைவு திரும்பிய பிறகும், அது நின்றிருந்த இடத்தைப் பார்த்தே கையசைத்துக்கொண்டிருந்தார்.