நாலாவது துகள் வந்தபோது

போன செவ்வாய்க்கிழமை மதியம். தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் பஸ். பக்கத்து சீட்டில் நஸ்ரின். எனக்கு ஜாக்கெட் தைத்துத் தரும் பென்னாகரம் பாயின் மகள், இயற்பியலில் பிஎச்.டி. செய்கிறாள். மடியில் திறந்த நோட்டு. முகம் வெளிறிப் போயிருந்தது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்கக்கா. நாலு வருஷ வேலை போச்சுங்க."

ஒளித்துகளுக்கு ஸ்பின், அதாவது சுழற்சி எண், ஒன்று. ஈர்ப்புக்கு இரண்டு என்கிறார்கள். இவள் ஆராய்வது ஸ்பின் மூன்று உள்ள துகளை. யாரும் பார்த்ததில்லை. இருக்கிறதா என்றே தெரியாது. இருந்தால் எப்படி இருக்கும் என்று காகிதத்தில் கனவு காண்கிற வேலை... எனக்குப் பொறாமையாக இருந்தது.

தனியாக இருக்கும்வரை அந்தத் துகள் சமர்த்து. ஒன்றோடொன்று பழகவிட்டால்தான் வம்பு.

"மூணு துகள் சந்திக்கிற வரைக்கும் கணக்கு நிக்குதுங்க. நாலாவது வந்தா உடையுது."

"உடைஞ்சா?"

"வாய்ப்பெல்லாம் மைனஸ்ல போகுதுங்க. மழை வர மைனஸ் இருபது சதவீதம் சான்ஸ்னா அர்த்தம் இருக்குதுங்களா?"

சரிக்கட்ட ஸ்பின் நான்கையும் சேர்க்க வேண்டுமாம். அது ஐந்தைக் கேட்கும், ஐந்து ஆறை... கல்யாணத்துக்கு அழைப்பு வைக்கிற கதைதான். ஒரு சித்தப்பாவோடு நிறுத்த முடியுமா?

நஸ்ரின் வெறும் ஸ்பின் மூன்றை வைத்தே நாலு துகள் சோதனையையும் தாண்டியிருந்தாள். கைடுக்குச் சொல்லியாயிற்று. அன்று சாயங்காலம் அவர் கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. பஸ்ஸில் சும்மா நோட்டைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டிருக்கிறது — பூஜ்யம்தானே என்று எப்போதோ பென்சிலால் அடித்துவிட்டுப் போன, சமன்பாட்டின் ஓர் உறுப்பு. அது பூஜ்யம் இல்லை.

"வேற யாருக்காவது தெரியுமா?" என்று குரலைத் தணித்துக் கேட்டேன். என் புத்தி அப்படி.

"எனக்குத் தெரியுதுங்களே அக்கா."

வெளியே மலைமேல் மேகம் படுத்திருந்தது. அதற்குள்ளே இல்லாத துகள்கள் கூடிக் கூடிப் பிரிவதாக எனக்குத் தோன்றியது. எவ்வளவு அழகாக இருந்திருக்கும்! அவளும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பஸ் பென்னாகரத்துக்குள் நுழையும்போது கைடுக்கு மெயில் போய்விட்டது. எனக்கும் காட்டினாள். நாலாவதில் உடைகிறது, தவறு என்னுடையது, கட்டுரையை அனுப்ப வேண்டாம். அவ்வளவுதான் செய்தி.

"வர்றேங்கக்கா" என்று இறங்கிப் போனாள். எனக்கு மனசு வலித்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பதினோரு வருடமாக வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் கதை அளந்துகொண்டிருக்கிறேன். 'போன வாரம் நான் எழுதியது தப்பு' என்று ஒரே ஒரு வரி... எழுதியிருக்கிறேனா?