மாமியின் காதில் விழுந்த செபம்

அன்பான சகோதரிகளே, வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன். 2001ஆம் ஆண்டு ஆடியில் என் கணவர் எங்கள் ஊர் கரம்பொன்னிலிருந்து கடலுக்கு மீன்பிடித் தொழிலுக்குப் போனார். வள்ளமும் வரவில்லை, அவரும் வரவில்லை. எனக்கு முப்பத்தொன்பது வயது. மகளுக்கு ஏழு.

அடுத்த வருடம் மாதவிலக்கு அளவில்லாமல் போகத் தொடங்கியது. பத்து நாள், பதினைந்து நாள். மாதா கோயில் பூசைக்குப் போனால் கறை தெரியாத கடும் நிறச் சேலையோடு கடைசி வாங்குப் பலகையில் இருப்பேன். இரண்டு வாளி தண்ணீர் அள்ளினால் கண் இருட்டும். அவரை நினைத்து அழுவதால் வந்தது என்று சும்மா இருந்துவிட்டேன்.

2003இல் கிணற்றடியில் மயங்கி விழுந்தேன். யாழ்ப்பாணத்தில் டொக்டரம்மா சோதித்தார். புற்றுநோய் இல்லை. ஆனால் இரத்தம் மிகக் குறைவு, கருப்பையை எடுக்கும் ஒப்பரேசனை இப்போது உடம்பு தாங்காது என்றார்.

“கருப்பைக்குள்ள ஹோர்மோன் லூப் ஒண்டு வைப்பம். அதிலயிருந்து மருந்து கொஞ்சங் கொஞ்சமா ஊறி இரத்தப்போக்கைக் குறைக்கும்.”

லூப் என்றதும் எனக்கு உயிரே போய்விட்டது. பிள்ளை வேண்டாம் என்பவர்கள் வைப்பதல்லவா அது? புருசன் இல்லாதவள் வைத்தால் ஊர் என்ன சொல்லும்? வீட்டில் அவரைப் பெற்ற மாமி இருக்கிறாரே! மாட்டேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அன்று பின்னேரம் கோயிலில் ஆளில்லை என்று நினைத்து வாய்விட்டு அழுதேன். “மாதாவே, அவரைத் தாரும் எண்டு கேட்டுக் களைச்சுப் போனன். பிள்ளைக்காக என்னையாவது விட்டுவையும். லூப் வைச்சால் மாமி என்ன நினைப்பா?”

திரும்பினால், மெழுகுதிரி கொளுத்த வந்த மாமி நின்றார்.

“என்ர பிள்ளையைக் கடல் கொண்டு போட்டுது. உம்மையும் மண்ணுக்க வைக்க என்னால ஏலாது. நாளைக்கு வெளிக்கிடும், நானும் வாறன்.”

லூப் வைத்த பிறகும் முதல் சில மாதங்கள் இரத்தம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது. மாமிதான் இரும்புச்சத்துக் குளிசையோடு முன்னால் வந்து நிற்பார். ஆறாம் மாதம் ஏறக்குறைய நின்றுவிட்டது. ஊர் கதைத்தது. “நான்தான் கூட்டிக்கொண்டு போனனான்” என்று மாமி சொல்ல, வாயை மூடிக்கொண்டது.

என் கணவர் இன்றுவரை வரவில்லை. அதற்கு இன்னும் மாதாவோடு கோபித்துக்கொள்கிறேன். 2007இல் மாமியும் போய்விட்டார். அன்று கிணற்றில் வாளி வாளியாக அள்ளி, அவரை நானே குளிப்பாட்டி உடுத்தினேன். அந்தப் பலத்தைத் தந்த ஆண்டவருக்கு நன்றி.

கடைசி வாங்கில் ஒதுங்கியிருக்கும் சகோதரியே, ஆண்டவரிடம் வாய்விட்டுக் கேள். டொக்டரிடமும் மறைக்காதே. உனக்கான பதில், நீ பயப்படுகிற அந்த ஆளின் வாயிலிருந்தே வரலாம்.