முப்பத்தொரு அழுத்தல்கள்

அன்ரி குசினித் தரையில் விழுந்து கிடந்த சனிக்கிழமை காலையிலும் அவசர அழைப்புப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. பழுதாகிவிட்டேன் என்று ஒரு சிவப்பு விளக்காவது காட்டித் தொலைத்திருக்கலாம்.

அவர் எனக்குச் சொந்தமில்லை. நான் சிட்னிக்குப் படிக்க வந்தபோது நார்த்மீட் வீட்டில் ஓர் அறை தந்தவர். கல்யாணம் கட்டி கிரவீனுக்குப் போன பிறகும், சனிக்கிழமைகளில் அவரை மேய்ஸ் ஹில் கோயிலுக்குக் கூட்டிப்போவது என் வேலை. மகன் மெல்பேர்னில் இருக்கிறார். தாயை அங்கே முதியோர் இல்லத்தில் சேர்க்க ஒற்றைக்காலில் நின்றார். அன்ரிக்குத் தன் வீட்டை விட்டுப் போக விருப்பமில்லை. நான்தான் நடுவில் புகுந்து, என் அலுவலகம் செய்த பெட்டியைக் காட்டினேன். கழுத்தில் ஒரு பொத்தான் தொங்கும். விழுந்தால் அதை அழுத்த வேண்டும், என் போன் அடிக்கும். நான் செய்தது, நம்பலாம் என்றேன். இருவரும் நம்பினார்கள்.

அந்தப் பெட்டியின் மென்பொருளுக்கு அடித்தளமான கெர்னல் என் பொறுப்பு. நிரல்களை எழுப்புவதும் தூங்கவைப்பதும் கெர்னலின் வேலை. பொத்தானை அழுத்தியதும் தாய் நிரல் ஒன்று, அதைச் சரிபார்க்க ஒரு பிள்ளை நிரலை ஓடவிடும். பிள்ளை வேலையை முடித்ததும் தாய் எனக்கு அழைப்பு எடுக்கும். காத்திருக்கும் தாய்க்கு இரண்டு வரிகள். பிள்ளை முடிந்துவிட்டதா என்று பார்ப்பது முதல் வரி. இல்லையென்றால் தூங்குவது அடுத்த வரி. முடிந்ததும் கெர்னல் தட்டி எழுப்பும். ஆனால் பார்த்ததற்கும் தூங்குவதற்கும் நடுவில் பிள்ளை முடிந்துபோனால், தட்டும் நேரத்தில் தாய் இன்னும் விழித்திருக்கும். அந்தத் தட்டு வீணாகிவிடும். அதற்குப் பிறகு தூங்கப்போகிற தாயை எழுப்ப ஒருவரும் இல்லை.

இதை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருந்தேன். அலுவலக மேசையில் பெட்டி ஒருநாள் பேச்சுமூச்சில்லாமல் நின்றது. என்ன நடக்கிறது என்று பார்க்க, அந்த இடத்தில் செய்தி அச்சிடும் ஒரு வரியைச் சேர்த்தேன். அதன் பிறகு பிழை வரவேயில்லை. ஒரு வாரம் பார்த்தேன். "மறுபடி வரவில்லை" என்று எழுதிக் கோப்பை மூடினேன். வெளியிடுவதற்கு முன் வீடு கூட்டுவதுபோல் அந்த வரியையும் துடைத்து எறிந்தேன். அச்சிட ஆகும் அந்தக் கொஞ்ச நேரம்தான் பிழையை மறைத்து வைத்திருந்தது. இந்தத் தொழிலில் இது தெரியாதவர் இல்லை. எனக்கும் தெரியும். எனக்கு அவசரம், அவ்வளவுதான்.

இடுப்பெலும்பு முறிந்த அன்ரியை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பி, திங்கட்கிழமை பெட்டியின் பதிவைத் திறந்தேன். தாய் நிரல் தூங்கிக்கிடந்தாலும் ஒவ்வொரு அழுத்தலும் நேரத்தோடு பதிவாகியிருந்தது. முதல் மூன்றும் அடுத்தடுத்து. பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒன்று, பிறகு பத்து நிமிடத்துக்கு ஒன்று. மொத்தம் முப்பத்தொன்று. கடைசி அழுத்தலின்போது நான் அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்திக்கொண்டிருந்திருப்பேன். சேலைக்குப் பொருத்தமான வளையல் தேடி அன்று காலை கால் மணி நேரம் தாமதித்தது ஞாபகம் வந்தது.

அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் வேண்டுமென்றே ஒரு தாமதத்தை வைத்தேன். பிழை ஒவ்வொரு தடவையும் வந்தது. பிறகு வரிசையை மாற்றினேன். முதலில் தூங்கப்போகிறேன் என்று பதிந்துவிட்டு, அதற்குப் பிறகு பார்க்க வேண்டும். இடையில் தட்டு விழுந்தால் அந்தப் பதிவு தானாக அழிந்து தூக்கம் நின்றுவிடும். இரண்டு வரிகளை இடம் மாற்றியதுதான் மொத்தத் திருத்தமும். கூட்டத்தில் மேலாளர் பாராட்டினார், எல்லோரும் கை தட்டினார்கள். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியில் அன்ரி கட்டிலில் சாய்ந்து தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகன் காப்பி வாங்கப் போயிருந்தார். பிழையை முன்பே பார்த்ததைச் சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியவராது. அந்த நினைப்பும் வந்தது, மறைக்கவில்லை.

"அன்ரி, அது என்ர பிழை. முந்தி ஒருக்கா கண்டனான். வடிவாப் பாக்காம விட்டிட்டன்."

கரண்டி நின்றது.

"அப்ப நான் அமத்தினது ஒண்டும் உனக்குக் கேக்கேல்லையோ?"

"இல்லை அன்ரி."

"எனக்கெண்டா உனக்குக் கேட்டிட்டுது எண்டுதான் நினைப்பு. பச்சை லைட்டைப் பாத்துக்கொண்டு கிடந்தனான். பிள்ளை வெளிக்கிட்டிருப்பாள், வின்ட்சர் ரோட்டில ட்ராபிக்காக்கும் எண்டு."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மணிக்கணக்காகத் தரையில் கிடந்தபடி எனக்காகச் சாக்குத் தேடியிருக்கிறார்.

விஷயம் தெரிந்ததும் மகன் பெட்டியைக் கழற்றச் சொன்னார். நானும் தலையாட்டினேன். அன்ரிதான் மறுத்தார். "பிழையைச் சொன்ன பிள்ளை. இருக்கட்டும்" என்றார். ஒரு நிபந்தனை வைத்தார். தினமும் காலை ஏழு மணிக்கு அவர் ஒரு தடவை அழுத்துவார். நான் எடுத்து, கேட்டது என்று சொல்ல வேண்டும்.

அன்ரி வீடு திரும்பி எட்டு மாதமாகிறது. அழைப்பு ஒருநாளும் தவறியதில்லை. திருத்தம் சரியானது, என் உயிரை வைத்துச் சொல்வேன். ஆனாலும் ஏழு அடிக்கும்போது போனைப் பார்த்தபடிதான் நிற்கிறேன். அந்த முப்பத்தொரு நேரங்களும் எனக்கு மனப்பாடம்.

போன செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குப் போன் அடிக்கவில்லை. ஏழு ஐந்துக்கும் இல்லை. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். ஏழு இருபதுக்கு அடித்தது.

"குளிச்சுக்கொண்டு நிண்டனான் பிள்ளை. கேக்குதோ?"

"கேக்குது அன்ரி."

"என்ன இரைச்சல்? எங்க நிக்கிறாய்?"

முன்னால் கார்களின் சிவப்பு விளக்குகள் வரிசையாக நின்றன.

"வின்ட்சர் ரோட்டில, அன்ரி" என்றேன். "ட்ராபிக்."